அண்ணன் வரையாத முகம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அச்சகத்தார் திருத்திய பிறகும் பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடக்கத்தன்று அண்ணனைப் பற்றி நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த ஓராண்டு நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன்.

ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் அண்ணன் பிறந்தார். நான் பிறக்கும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மா இறந்தபோது அண்ணனுக்கு எட்டு வயது, எனக்கு இரண்டு. அம்மாவுக்கு ஒரு போட்டோவும் கிடையாது. அவர் முகம் எனக்குத் தெரியாது. சித்தி வீட்டில் வளர்ந்தோம். என்னைத் தூக்கிச் சுமந்தவர் அண்ணன்தான்.

படம் வரைவது அவருக்குத் தானாகவே வந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து, சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகும் சூரியனும் வரைந்து விற்றார். நல்ல வரும்படி இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் கொட்டச்சேடு பக்கம் மண் சரிந்து ஒரு பெண் இறந்துபோனாள். வீட்டிலிருந்த ஒரே போட்டோவும் மண்ணோடு போயிற்று. அவளுடைய தாய் வந்து அண்ணனிடம் படம் கேட்டார். மாலை போடும் படங்களில் எல்லோரும் விரும்புவது போல, நல்ல சிவப்பாக, ஜிமிக்கி போட்டு, சிரித்த முகமாக அண்ணன் வரைந்து கொடுத்தார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது யாரூட்டுப் புள்ளைங்க? எம்புள்ள கருப்புங்க. முன்பல்லு தூக்கிட்டு இருக்கும். உசுரோட இருக்கறப்ப எல்லாரும் அந்தப் பல்லச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. செத்த பொறகு நீங்களும் அதப் புடுங்கிப் போட்டீங்களே."

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாள் கொட்டச்சேடு போய் நான்கு நாள் தங்கி, வேறு படம் வரைந்தார். அதை அந்தத் தாய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணன் ஏரிக்கரைக்குப் போகவேயில்லை. பிழைப்புக்கு எஸ்டேட்டுகளில் வெள்ளையடித்தார். போட்டோ இல்லாமல் இறந்தவர்களை மட்டும் வரைந்தார். எனக்குக் கோபம்.

"செத்தவங்களா நமக்குச் சோறு போடுவாங்க?" என்று கேட்டேன்.

"இத்தன வருசம் சும்மா கை பழகிட்டு இருந்தேன், கண்ணு. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

இறந்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து, "அழகச் சொல்லாதீங்க, கொறையச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கணவனை இழந்த ஒரு அம்மா, "அவருக்குங்களா? அத எழுத நீங்க ரெண்டு நோட்டு கொண்டாந்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடியே அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

நம் அம்மாவை எப்போது வரைவீர்கள் என்று வருடா வருடம் கேட்பேன். "பாக்கலாம், சாமி" என்பார்.

போன ஆண்டு நுரையீரல் கெட்டு அண்ணன் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி கேட்க முடியாதென்று தெரிந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எப்படி வரஞ்சாலும் செரிங்கண்ணா. நான் நம்பிக்குவேன். எனக்கென்ன தெரியவா போவுது?"

"அதுக்குத்தான் வரையல. நீ நம்பிப்புடுவ."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எனக்கும் மறந்து போச்சு, சாமி. எப்ப மறந்துதுன்னே தெரியல. ஊராரு மொகமெல்லாம் வருது. அம்மா மொகம் மட்டும் வர மாட்டேங்குது" என்று அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மூன்றாம் நாள் காகிதம் கேட்டார். காப்பிப் பழம் பறிக்கப் போகும் அம்மாவைப் பின்பக்கமிருந்து வரைந்தார். தலையில் துணி, இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை, வலது குதிகாலில் ஒரு வெடிப்பு. சிறுவயதில் தினமும் அம்மாவின் பின்னாலேயே நடந்தவர் அவர்.

"இவ்வளவுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும், கண்ணு."

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், மழையில் அண்ணனை மலைக்குக் கொண்டுவந்த ஜீப் டிரைவருக்கும், குழி வெட்டிய லைன் வீட்டாருக்கும், தங்கள் வீட்டுப் படங்களைக் கையில் ஏந்தி அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவின் படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் முன்பக்கமாகத் திருப்பி முகம் வைத்துத் தருகிறோம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன்.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.