கப்பலுக்குக் காத்திருந்த ரயில்

பிறந்தநாள் கேக் தொழிலில் கேக் சுடுவது மட்டும்தான் சுலபம், மற்றதெல்லாம் தலையெழுத்து. அடுப்படியில் நின்றுகொண்டு மாவில் யானையும் ராக்கெட்டும் படைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் மெயின்லேண்டில் இருக்கிறீர்கள். கிரீம் தீர்ந்தால் தெருமுனைக் கடைக்குப் போவீர்கள். நான் கல்யாணமாகி விருதுநகரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்தவள். இங்கே எங்கள் டாலிகஞ்ச் பகுதியில் எனக்குக் கிரீம் தீர்ந்தால் கப்பல் வர வேண்டும்.

சிங்கம்

பாம்பூஃப்ளாட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ‘காட்டு விலங்குகள் தினம்’. வகுப்பு முழுக்கச் சிங்க பிஸ்கட் வேண்டும் என்று ஸ்டெல்லா மிஸ் கேட்டார். அந்தத் தடவை கப்பலில் மஞ்சள் கலர் பொடி வரவில்லை. அதனாலென்ன, மஞ்சள்தூள் இருக்கிறதே என்று அள்ளிப் போட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரிந்து, ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் ஆரத்தி கரைத்தவள் நான். சோடா மாவும் அதே வேலையைச் செய்யும் என்று அன்றைக்கு மட்டும் தோன்றாமல் போயிற்று.

அடுப்பிலிருந்து வந்த சிங்கங்கள் செக்கச்செவேல் என்றிருந்தன. பிடரி மயிருக்காக நான் சுற்றிலும் ஒட்டிய மாவுத் துண்டுகள் விறைத்துக்கொண்டு கால் காலாக நின்றன. வேறு வழியில்லை, அப்படியே கொண்டுபோனேன். பிள்ளைகள் கைதட்டி வரவேற்று, ஆளுக்கொன்றாக எடுத்து முதலில் காலைத்தான் ஒடித்துத் தின்றார்கள். ஸ்டெல்லா மிஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, யாரும் கேட்காத குரலில் சொன்னார்:

“ரொம்ப அழகா இருக்கு மேடம், ஆனா நண்டு காட்டுல இருக்காதே.”

எந்த ஜெட்டி?

அந்த நண்டுகளைத் தின்ற பிள்ளைகளில் ஒருவன் நித்தின். வீட்டுக்குப் போய் என்ன சொன்னானோ, அவன் அம்மா கவிதா அவனையும் கூட்டிக்கொண்டு ஃபெரியில் கடலைத் தாண்டி, சாத்தம் ஜெட்டியில் இறங்கி என்னைத் தேடி வந்துவிட்டாள். பையனுக்கு ஆறாவது பிறந்தநாள் வருகிறது. ரயில் கேக் வேண்டும், எஞ்சினும் ஐந்து பெட்டியும்.

அவள் வீட்டுக்காரர் சேகருக்குக் கேம்பல் பேயில் வேலை. தீவுகளின் தெற்குக் கோடி அது. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, கப்பலில்தான் வர வேண்டும். போன பிறந்தநாளுக்கும் அவர் வரவில்லை, அதற்கு முந்தினதற்கும் வரவில்லை. இந்தத் தடவை லீவு போட்டாயிற்று. கேக் வெட்டும்போது பக்கத்தில் நிற்பேன், அப்புறம் சென்னைக்குக் கூட்டிப்போய் ரயிலில் ஏற்றுவேன் என்று பையனுக்கு ஃபோனிலேயே சத்தியம் செய்திருந்தார். எங்கள் தீவில் ரயில் கிடையாது. நித்தின் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி.

நான் ஒரு தாளில் ரயில் வரைந்து காட்டினேன். பையன் நெடுநேரம் பார்த்தான். நங்கூரம் எங்கே என்றான். எஞ்சினுக்கு முன்னால் ஒன்று வரைந்து கொடுத்தேன், வாடிக்கையாளரோடு சண்டை போட முடியுமா? அதற்கப்புறமும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை.

“அச்சா ஆன்ட்டி, இது எந்த ஜெட்டியில நிக்கும்?”

அஞ்சு வயசு

ரயிலைச் செய்து முடித்தேன். சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்: நன்றாகவே வந்திருந்தது. சுருள் கேக்கில் எஞ்சின், கிரீம் பிஸ்கட்டில் சக்கரம், ஐந்து பெட்டிக்கும் ஐந்து நிறம். பெருமையாகப் படம் எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினால், பதிலுக்கு அவள் ஃபோன் வருகிறது. கடல் கொந்தளிப்பாம். கப்பல் கேம்பல் பேயை விட்டே கிளம்பவில்லையாம். “கொஞ்சம் வெச்சிருங்க அக்கா, அவர் வந்துரட்டும்” என்றாள்.

ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க. வைத்திருக்கிறேன் என்றேன்.

எங்கள் பக்கம் பிறந்தநாள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கலர் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சாக்லேட் பொட்டலத்தோடு போகும். நித்தின் யூனிஃபார்மில் போய் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் வாழ்த்துப் பாட எழுந்தால் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டானாம். கேக் வெட்டவில்லை, அப்பா வரவில்லை, ஆகவே பிறந்தநாளும் வரவில்லை என்று விளக்கமும் கொடுத்திருக்கிறான். அடுத்த ஆர்டர் விஷயமாக ஃபோன் செய்த ஸ்டெல்லா மிஸ், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

“கப்பல் வர்ற வரைக்கும் அவனுக்கு அஞ்சுதானாம் மேடம், நாங்களும் சரின்னு விட்டுட்டோம்.”

பெட்டி கழற்றுதல்

கப்பல் வருவதாக இல்லை. ரயிலும் எத்தனை நாள்தான் தாங்கும்? எங்கள் புழுக்கத்தில் மனுஷனே உருகுகிறான். கரண்ட் போன ஒரு மத்தியானம் கடைசிப் பெட்டி சரிந்தது. அதற்கு முந்தின பெட்டியில் ஃப்ரிட்ஜிலிருந்த மீன் வாசம் ஏறிவிட்டது. புதிதாகச் செய்யலாம் என்றால் ஊரில் எந்தக் கடையிலும் கிரீம் இல்லை. மெயின்லேண்ட் கப்பலும் அதே கடலில்தானே வர வேண்டும்?

கவிதா தினமும் ஃபோன் செய்வாள். கேக்கைப் பற்றிக் கேட்பாள். பையன் ராத்திரி சாப்பிட மாட்டேன் என்கிறான் அக்கா என்பாள். நானோ ஒரு கேக்குக்காரி. கடலுக்கு நான் என்ன சொல்ல? எஞ்சினையாவது காப்பாற்றுவோம் என்று அதை ஃப்ரிட்ஜின் குளிர்ந்த மூலையில் வைத்துக் கட்டிக் காத்தேன். மீன் குடிபெயர்ந்தது. கெட ஆரம்பித்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தேறினதை எல்லாம் என் வீட்டுக்காரர் தின்று தீர்த்தார். நாலாவது பெட்டியை முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“அந்த சேகர் நல்ல மனுஷன், இன்னும் ஒரு நாள் லேட்டா வந்தா எஞ்சினையும் பாத்துரலாம்.”

மீதி ரயில்

ஒரு காலையில் கவிதா ஃபோனில் கத்தினாள். “அவர் இறங்கிட்டார் அக்கா! நேரா சாத்தம் ஜெட்டிக்கு வர்றார். நீங்களும் அதே ஃபெரியில வந்துருங்க!”

எஞ்சினும் ஒரே ஒரு பெட்டியும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன். ஃபெரியில் ஏறினால், கடல் ஆட்டிய ஆட்டத்தில் முகமெல்லாம் வெளுத்த ஒரு மனுஷர் என் டப்பாவைப் பார்த்ததுமே எழுந்து வந்தார். அவர்தான் சேகர். டப்பாவைத் தான்தான் பிடிப்பேன் என்று வாங்கிக்கொண்டார். லீவெல்லாம் கப்பலுக்குக் காத்திருந்தே தீர்ந்துவிட்டதாம். நாளைக்கு அதே கப்பலில் திரும்ப வேண்டுமாம். சென்னை இல்லை, ரயில் இல்லை. மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், சின்னக் குரலில் கேட்டார்:

“இவ்வளவுதான் ரயிலா, அக்கா?”

கத்தி

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் நித்தின் கலர் சட்டையில் நின்றிருந்தான். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டவன் வீடு போய்ச் சேரும்வரை இறங்கவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? அக்கம்பக்கம் கூடினார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பாட்டும் பாடி முடித்தார்கள். கவிதா கத்தியை அவன் கையில் கொடுத்தாள். அவன் வெட்டாமல் நின்றான். எப்போது திரும்பிப் போவாய் என்று அப்பாவைக் கேட்டான். சேகருக்குப் பொய் சொல்ல வரவில்லை, நாளைக்கு என்றார். ரயில் அடுத்த வருஷம் கட்டாயம் என்றும் சேர்த்துக்கொண்டார். ரயில் பேச்சைப் பையன் காதில் வாங்கவே இல்லை. கொஞ்சம் யோசித்தான். கத்தியை என் கையில் கொடுத்தான்.

“ஆன்ட்டி, கேக்கை எடுத்துட்டுப் போய் உங்க ஃப்ரிட்ஜ்லயே வையுங்க. கேக் வெட்டலைன்னா பர்த்டே முடியாது, பர்த்டே முடியலைன்னா அப்பா போக முடியாது.”

சக பாவிகளே, மெழுகுவர்த்தி கரைந்து எஞ்சின் மேல் வழிகிற வரைக்கும் அந்தக் கூடத்தில் ஒருத்தரும் வெட்டச் சொல்லவில்லை, கேக் கெட்டுப்போகும் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆளான நானும் கத்தியைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.