டன் சார் போட்ட சரிவு

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "உள்ள காலியா இருக்கே, மண்ணைச் சரியா கெட்டிப்படுத்தலை" என்பார். ஆசை ஆசையாய் வீடு கட்டியவர் காபி டம்ளரோடு அப்படியே நிற்பார். இவர் டம்ளரை வாங்கி நிதானமாகக் குடிப்பார்.

எங்கள் எதிர்வீட்டு எஞ்சினியர்தான். அலுவலகத்தில் 'டன் சார்'. சுரங்கங்களில் மாடிவீட்டு உயரத்துக்கு லாரிகள் ஓடுமே, அவை ஏறி இறங்கும் சாலைகளையும் சரிவுகளையும் வடிவமைப்பது அவர் வேலை. அதற்குக் குறைந்த எதுவும் அவர் கண்ணுக்கு வண்டியே இல்லை. நான் புதுக் கார் வாங்கிக் காட்டியபோது ஒரு சுற்றுக்கூடச் சுற்றிப் பார்க்கவில்லை. "நல்லாருக்கு. நம்ம லாரி டயர் இதைவிட உசரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாண மண்டபத்தில் மற்றவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் கூட்டத்தைக் கண்ணால் அளந்து, "ஒரு பதினஞ்சு டன் வந்திருக்கும்" என்பார். அதில் அவர் மாமியாரும் அடக்கம்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் போட்ட சாலையில் பள்ளம் விழுந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. மனிதருக்கு அந்தத் திமிர்.

போன மாதம் அவருடைய அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனிமேல் சக்கர நாற்காலிதான், தம்பி வீட்டில்தான் வாசம் என்று முடிவாயிற்று. தனியாக இருந்தே பழகிய அம்மாள், யாரிடமும் போய் நின்றதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, வாசப்படியில என்னை யாரும் தூக்கக் கூடாது. நானே வெளிய போகணும், நானே உள்ள வரணும். அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடு."

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? என் பொழப்பே அதுதானே!"

அடுத்த வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்று படி இருந்த இடத்தில், ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குக் குழி. அதில் ஜல்லி, கம்பி, கம்பிக்கு மேல் கான்கிரீட். ரோடு ரோலர் வந்து வழியை அடைத்ததில் பால்காரர் அடுத்த தெரு சுற்றிப் போனார். சரிவும் லாரிகளுக்குப் போடுகிற அதே சரிவு, பத்தடிக்கு ஓரடி ஏற்றம். டயர் வழுக்கக் கூடாதாம், குறுக்கே விரல் நுழைகிற மாதிரி வெட்டுக் கோடுகள் வேறு.

"ஏங்க, இது வீட்டு வாசலா, துறைமுகமா?" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"நூறு டன் ஏறட்டும், அசையாது" என்றார் இவர். ஏறப்போகிற ஜீவன் நாற்பத்தைந்து கிலோகூடத் தேறாது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

அக்கா வந்தார். காரிலிருந்து நாற்காலிக்கு மாறியதும் முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே சக்கரத்தைப் பிடித்து உருட்டினார். பாதி தூரம் ஏறினார். மூச்சு வாங்கியது. சின்ன முன்சக்கரம் ஒரு கோட்டுக்குள் இறங்கிச் சிக்க, நாற்காலி நின்றது. பிறகு பின்னால் நழுவ ஆரம்பித்தது.

"டேய், கை விட்டுப் போகுதுடா!"

டன் சார் பாய்ந்தார். ஏற்றத்தில் நின்றுபோன லாரிக்குச் செய்வதைப் போலவே, பின்னால் சக்கரத்துக்கொரு செங்கல்லை வைத்து முட்டுக்கொடுத்தார். மனைவி ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அக்கா கன்றிப்போன கைகளை மடியில் போட்டுக்கொண்டு, எதிரே திறந்து கிடந்த கதவையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நானே போகணும்னுதானேடா கேட்டேன்."

டன் சார் காதில் விழுந்ததோ இல்லையோ. சரிவில் மண்டியிட்டு உட்கார்ந்து, நாற்காலி ஏறிவந்த தடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி, கான்கிரீட் எங்காவது அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.