ரலிட்சா தலையாட்டினாள்

பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில், தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடியே ரலிட்சா பதினோரு வருஷமாக ஒரு கம்பெனியின் கணினிகளைச் சரிசெய்துவந்தாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முந்நூறு பேரில் யாருடைய கணினி மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

டச்சுக்கார மேலாளர் ரூபர்ட் ஒருநாள் வீடியோ அழைப்பில் வந்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாரும் ஆபீசுக்கு வந்துடணும். நீங்களும்தான், சரியா?"

ரலிட்சா மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினாள். அவர் திருப்தியாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் அவர் வீட்டு சோபா தெரிந்தது.

"பாஸ்வேர்டை ஏத்துக்க மாட்டேங்குது, ரலிட்சா."

"கீபோர்டு பல்கேரிய எழுத்துல நிக்குது. மாத்திட்டு அடிங்க."

கணினி திறந்துகொண்டது. உடனே அவருக்குக் கோபமும் வந்துவிட்டது. "ஆமா, நீங்க ஏன் ஆபீசுக்கு வரல? அன்னிக்குத் தலையாட்டினீங்களே!"

"எங்க ஊர்ல அப்படி ஆட்டினா 'மாட்டேன்'னு அர்த்தம் சார். நீங்க இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, ஒரு கடையிலகூட கவனிக்கலையா? நீங்க வீட்டுலேர்ந்து கூப்பிட்டீங்க, நான் வீட்டுலேர்ந்து சரிபண்ணேன். இதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

"நாளைக்காவது வருவீங்களா?"

ரலிட்சா கழுத்து வலிக்கும்வரை மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினாள். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.