மெய்யநாதன் பின்பக்கமாக வளைந்த வரலாறு

மெய்யநாதன் இருபத்தாறு ஆண்டுகளாக உலகத்தை மேலிருந்து பார்ப்பவர். ஆனால் கர்வி என்று யாரும் சொன்னதில்லை. மலேசியாவின் பட்டர்வொர்த்தில், துறைமுகத்து கிரேனின் கண்ணாடிக் கூண்டில் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே தெரியும் கொள்கலன்களைத் தூக்கி இறக்குவது அவர் வேலை. செட்டிநாட்டிலிருந்து வந்த அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் அண்ணாந்து பார்க்கும் இடத்துக்கு வேலைக்குப் போனதில்லை.

குனிந்து பார்த்துப் பார்த்து முதுகு குடைக் கைப்பிடி போல ஆகிவிட்டது. துறைமுக மருத்துவர் ரொஸ்னா அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தேங்காய் தாராளமாக உட்காரும்.

"மூன்று மாதம். தலை சுவரைத் தொடாவிட்டால் இனித் தரையில்தான் வேலை" என்று மலாய் மொழியில் தீர்ப்புச் சொன்னார். தரை வேலை என்றால் வாசலில் நின்று லாரி எண் சரிபார்ப்பது. மெய்யநாதனுக்கு உயரத்தில் பயமில்லை, தரையில்தான் பயம்.

டத்தோ கிராமாட் பகுதியில் தாட்சாயினி நடத்தும் யோகா வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஒட்டக ஆசனம் கிடைத்தது. முழங்காலில் நின்று, இடுப்பில் கை ஊன்றி, நெஞ்சைத் தூக்கிப் பின்னால் வளைய வேண்டும்.

"நெஞ்சத் திறங்க அண்ணே."

"எவ்வளவு?"

"வலிக்காத அளவு. மொதல்ல நெஞ்சு மேல, அப்புறந்தான் பின்னால. கழுத்தத் தொங்கப் போடாதீங்க."

"சரி. சிக்னல்மேன் யாரு?"

தாட்சாயினிக்கு விளங்கவில்லை. மெய்யநாதன் விளக்கினார்: கீழே கைகாட்ட ஆளில்லாமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுமை இறக்குவது துறைமுகத்தில் பெருங்குற்றம். பின்னால் வளைபவருக்கும் போகிற இடம் தெரிவதில்லை. இந்த வாதத்தில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் தொல்லை.

மனைவி அபிராமி சிக்னல்மேனாக நியமிக்கப்பட்டார். தினமும் காலையில் வீட்டில் அவர் முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை. அபிராமிக்கு ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு அங்கி. காற்று பலமாக வீசினால் கிரேன் நிற்க வேண்டும் என்பதால் கூரையில் சுற்றும் காத்தாடியும் நிறுத்தப்பட்டது.

"யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க லா."

"பாதுகாப்புல என்ன சிரிப்பு?"

முன்னால் நின்றால், வளைந்தபின் அபிராமி தெரியவில்லை. எனவே பின்னால் போய் நின்றார். இப்போது தெரிந்தார், தலைகீழாக. போதும், எழுந்திருங்கள் என்று விரலை மேலே காட்டினார். மெய்யநாதன் இன்னும் கீழே போனார்.

"ஐயோ, மேல வாங்கன்னா கீழ போறீங்களே!"

"நீ கீழதான காட்டுற!"

"விரல் மேல இருக்கே!"

"யாருக்கு மேல?"

இந்த விவாதம் முழுவதையும் அவர் வளைந்தபடியே நடத்தினார்.

"வாயால சொன்னா என்ன?"

"கப்பல் சத்தத்துல கேக்காது."

"எந்தக் கப்பல்? இது மூணாவது மாடி!"

இரண்டாம் வாரத்திலிருந்து அபிராமி எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டினார். வகுப்பில் அவசரப்பட்ட இருவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அங்குலம் அங்குலமாக இறங்கி, நெஞ்சு முதலிலும் தலை கடைசியிலுமாக எழுந்த மெய்யநாதனுக்கு ஒரு சுளுக்குக்கூட இல்லை. தாட்சாயினி அவரைப் பாராட்டத்தான் வேண்டியிருந்தது. மனமில்லாமல் பாராட்டினார்.

மூன்று மாதம் முடிந்தது. ரொஸ்னாவின் அறையில் குதிகால், முதுகு, தோள் எல்லாம் சுவரைத் தொட்டன. தலை மட்டும் காத்திருந்தது.

"தலை?" என்றார் ரொஸ்னா.

"கைகாட்ட ஆள் வேணும்."

வெளியே உட்கார்ந்திருந்த அபிராமி அழைக்கப்பட்டார். கணவர் நேராக நிற்பதைப் பார்த்து, எந்தப் பக்கம் காட்டுவது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளங்கையை மெல்லப் பின்னால் தள்ளினார். தலை நகர்ந்தது. தொட்டது. நில் என்று கையை முஷ்டியாக மூடினார், நின்றது. ரொஸ்னா நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. 'தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சரி, வேலையில் எப்படி உட்காருவீர்கள்? காட்டுங்கள்."

மெய்யநாதன் நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மூக்கு போகும்வரை மடிந்தார். ரொஸ்னா மை காயாத தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள்."

படியிறங்கும்போது அபிராமி கேட்டார்: "குனியுறதுக்கா இவ்வளவு நிமிந்தீங்க?"

"பின்ன? நிமிந்தவனத்தான குனிய விடுறாங்க."