டயாலிசிஸ் ரூமில் படித்த முதல் நாவல்

ஸ்பிரிட் வாசனை... உடம்பைக் குத்துகிற ஏசி குளிர்... திருப்பதி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் ரூம் என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

செவ்வாய், வியாழன், சனி. நானும் என் வீட்டுக்காரரும் நகரியில் காலையிலேயே ரயிலேறுவோம். நாலு மணி நேரம் அவர் மிஷினோடு படுத்திருப்பார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த பெட்டில் ஒரு அம்மா. அவங்க பொண்ணுக்கு ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை. அதுதான் ஒருநாள் தடியாக ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தது.

"இது நாவல், அக்கா. படிங்க, டைம் போவும்."

இந்த வாசகர் குரூப்பில் எல்லோரும் பத்து வயதில் படிக்க ஆரம்பித்ததாக எழுதுகிறீர்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடம் அஞ்சாவது வரைதான், அதுவும் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து சண்டே ஸ்கூலில் கற்றது. பைபிளும் பாட்டுப் புத்தகமும் தவிர தமிழில் வேறு எதையும் நான் தொட்டதில்லை.

அவருக்கோ தமிழ் பேச மட்டும்தான் வரும். அதனால் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, வேதம் வாசிக்கிற மாதிரியே நான் சத்தமாகப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

கதையில் தைலம்மா என்று ஒருத்தி. கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போகிறாள். அங்கே இருந்து திரும்ப விடமாட்டேன் என்கிறார்கள்...

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு ஜெபச் சீட்டு எழுதிக் கொடுப்போம். வீட்டுக்காரர் பெயரை எழுதி, அதன் கீழே 'தைலம்மா பிள்ளையோடு சேர வேண்டும்' என்றும் எழுதிவிட்டேன்.

பாஸ்டரம்மா வாசித்துவிட்டு, "இந்த சகோதரி எந்த ஊரும்மா?" என்றார்.

"கத புக்குல வர்றாங்கம்மா."

கூட்டமே சிரித்தது. எனக்கு என்ன தெரியும்... அதுவரை தமிழில் வாசித்ததெல்லாம் நடந்தது என்று நம்பி வாசித்ததுதானே.

அவரிடம் சொன்னேன். "இன்னாமே, நான் இங்க மிஷின்ல கெடக்கிறேன். நீ எவளுக்கோ ஜெபம் பண்ணிக்கினு கீறே!" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சிரிப்பு.

அது நிலைக்கவில்லை. அடுத்த வாரமே, "போதும்மே. எவ்ளோ நாளு ஊசி குத்திக்கினே இருக்கிறது? இனிமே நான் வரல" என்றார். டாக்டர் சொன்னார், நான் அழுதேன். அவர் அசையவில்லை.

அன்றைக்குப் படித்துக்கொண்டிருந்த இடத்தில் தைலம்மா யாருக்கும் தெரியாமல் ஸ்டேஷனுக்கு ஓடி வந்து நிற்கிறாள். பின்னாலேயே ஆள் தேடி வருகிறார்கள். நான் சட்டென்று புத்தகத்தை மூடினேன்.

"ஏமே, ரயில் ஏறினாளா இல்லயா?"

"வியாழக்கெழம வந்தா சொல்றேன் மாமா."

"கேடி நீ!"

வியாழக்கிழமை வந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இறுக்கமான இடமாகப் பார்த்து நிறுத்துவேன். நான் மட்டும் வீட்டில் மேற்கொண்டு படித்துக்கொண்டே போனேன். ஒருநாள் சோறு அடிப்பிடித்துக் கருகினதுகூடத் தெரியவில்லை. படிப்பதில் அப்படி ஒரு ருசி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முடிவு வரைக்கும் படித்துவிட்டேன்.

கடைசி சனிக்கிழமை. இன்னும் இருபது பக்கம் பாக்கி. திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார்.

"உனக்குத் தெரியும் இல்ல? புள்ள கெடைச்சிச்சா, அத்த மட்டும் சொல்லிடுமே."

"செவ்வாக்கெழம."

திங்கட்கிழமை காலையில் போய்விட்டார்.

ஒரு வார்த்தை. கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். கிடைத்ததுதான்...

மூன்று வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது வாரத்துக்கு ஒரு நாவல் முடிக்கிறேன், வாய்க்குள்ளேயே. ஸ்ரீ சிட்டி பொண்ணுதான் புத்தகம் கொடுத்தனுப்புகிறது. எது வந்தாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருகிறேன்.

"அப்டி படிச்சா இன்னாக்கா ருசி இருக்கும்?" என்று அது திட்டும்.

ருசி போனால் போகட்டும்.