காற்றை விழுங்கிப் பேசிய குருசாமி

போன செவ்வாய்க்கிழமை காலை, அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் வண்டியை எடுக்கப் போகும்போது குருசாமியின் மனைவி போனில் கூப்பிட்டார். "அண்ணே, அவுக தூக்கத்துலயே போயிட்டாக" என்றார். மாற்று டிரைவர் வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

திருச்சுழித் தடத்தில் போய்வந்த உங்களுக்கு எங்களைத் தெரியும். நான் டிரைவர், அவன் கண்டக்டர். அவன் ஊர்ப்பெயர் சொல்லிக் கூவினால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வருகிறவர்களும் ஓடிவருவார்கள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் அவன் பாடினால் மைக் தேவைப்படாது.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. நான் பார்க்கப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகும் கோயில் பக்கம் போகவில்லை. மனைவி நீட்டிய திருநீற்றைத் தட்டிவிட்டான்.

காற்றை விழுங்கி, ஏப்பம்போல வெளியே விட்டு, அதிலேயே பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் முயன்றான். வயிறு உப்பிக்கொண்டு வலிக்கும். பார்க்கச் சகிக்காமல் போதும் விட்டுவிடு என்றேன், முறைத்தான். கருவேலங்காட்டு ஓரமாக நடந்துகொண்டே "பா, பா" என்று பழகினான். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏலே... வா... உக்காரு" என்றான். தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு குரல். அவன் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். சொன்னபடி உட்கார்ந்தேன்.

முதலாளி அவனை ஷெட்டில் உட்காரச் சொன்னார். அவன் பஸ்ஸுக்கே திரும்பினான். விசில் ஊத முடியாது. கையால் பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்தினான். குரலைக் கேட்டுச் சிரித்த பள்ளிப் பிள்ளைகளிடம் கோபப்படவில்லை.

பிறகு கோயிலுக்கும் போக ஆரம்பித்தான். பாட முடியாமல் அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். விட்டு விட்டுச் சொன்னான்: "குரலு போனது நல்லதுக்குன்னு சொல்ல மாட்டேன்லே. ஆனா முன்னாடியெல்லாம் ஆத்தாகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் சும்மா நிக்கப் படிச்சிருக்கேன்."

விடுப்பு நாட்களில் மதுரைக்குப் போய், அதே அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து கிடப்பவர்களோடு உட்கார்ந்திருப்பான். ஒருமுறை நானும் கூடப் போனேன். பாலவனத்தத்துக்காரர் ஒருவர், லோடு ஏற்றுகிறவர், செத்தாலும் குரலோடு சாகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். குருசாமி கழுத்துத் துணியை விலக்கித் துளையைக் காட்டினான்.

"இப்படித்தான் இருக்கும். அழுகை வரும். சாமிய வைவீக. வைங்க. ஆனா எந்திருச்சுப் போயிராதீக."

அவர் வெகுநேரம் அந்தத் துளையையே பார்த்தார். சாப்பிட முடியுமா என்று கேட்டார். நேற்றுக் கறிக்குழம்பு சாப்பிட்டதாக குருசாமி சொன்னான். அவர் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

சுடுகாட்டுக்கு அவரும் வந்திருந்தார், கழுத்தில் துணியோடு. கொள்ளி வைக்கும் முன்னால் காற்றை விழுங்கி, "போயிட்டு வாங்கண்ணே" என்றார். கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது.

துன்பம் மனிதனைத் தானாக உயர்த்திவிடும் என்று நான் நம்பவில்லை. குருசாமி எழுந்து நின்றான், அதனால் உயர்ந்தான். சாமியை வைதவனே சாமி முன்னால் அமைதியாக நிற்கவும் முடியும் என்பதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவன் போய்வந்த வேலையையும் எடுத்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பாலவனத்தத்துக்காரர் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.