ஏழு பாகம் மனை

மரக்காணம் சர்வேயர் சிவஞானத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெருமுக்கல் விவசாயக் குடும்பம். ஒரு வரப்புக்காகப் பங்காளிகள் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவர். கல்யாணப் பந்தலைக்கூடக் காலடி வைத்து அளக்கிற ஆள். "உக்காந்து சாப்பிடுங்க, பந்தல் எங்கியும் போவாது" என்று அவர் மனைவி சுலோசனா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். உப்பளக்காரர் வந்தாலும் மீனவர் வந்தாலும் அவர் பேச்சு ஒன்றுதான்: டேப்பு பொய் சொல்லாது.

அந்த டேப்பை நம்பித்தான் 2005 பங்குனியில் ஒரு தப்புச் செய்தார்.

சுனாமி வந்து மூன்று மாதம். கடலோரக் குப்பத்தில் எல்லைக் கல்லெல்லாம் அலையோடு போயிருந்தது. அதே அலையில் புருஷனைப் பறிகொடுத்த தனக்கோடி, பழைய கடைக்கால் மேலேயே அடுப்படிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து மனைக்காரன் பச்சமுத்து, தன் இடத்தில் கட்டுகிறாள் என்று மனு கொடுத்துவிட்டான். அவளுடைய பத்திரம் கடலுக்குள் போய்விட்டது. ஆபீஸ் பதிவேட்டில் நாலு சென்ட் என்று மட்டும் இருந்தது. சிவஞானம் அளந்தார், நாலரை இருந்தது. வடக்குப் பக்கம் ஐந்தடி உள்ளே தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு அடுப்படிக்குள் போனது.

"அண்ணன் போய்ச் சேந்துட்டாரு, பேசக் கூடாது. ஆனா அர சென்ட்ட அமுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு" என்றான் பச்சமுத்து.

தனக்கோடி கோட்டைப் பார்க்கவே இல்லை. "அடுப்ப எங்கன்னாலும் வெச்சுக்குவேன் சார். அவரு அடுத்தவங்க மண்ண எடுக்கிற ஆளு இல்ல. அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சிவஞானம் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாவம், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சார்பதிவாளர் ஆபீசில் பத்திர நகலுக்கு எழுதிக் கொடுத்தார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பரப்பும் நாலு பக்க எல்லையும் முட்டிக்கொண்டால் எல்லைதான் நிற்கும் என்பது அவர் தொழிலில் அரிச்சுவடி. அதை மறந்து சென்ட்டை மட்டும் பார்த்துக் கோடு கிழித்தது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

நகல் வந்தது. வடக்கே எல்லை, பூவரச வேலி. இப்போது வேலிக்கு எங்கே போவது? கடப்பாரை எடுத்துத் தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் பூவரச வேர், வரிசையாக, அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்.

"எங்கப்பா வெச்ச வேலிதான்" என்று முனகினான் பச்சமுத்து.

அடுப்படி தப்பித்தது. தனக்கோடி விடுவதாக இல்லை. "அப்ப அந்த அர சென்ட் எப்பிடி சார் ஏறுச்சு?"

சிவஞானம் நகலை மறுபடி படித்தார். ஏழு பாகத்துக்கு ஏழு பாகம், ஆக நாலு சென்ட். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கடலில் கயிற்றையும் ஆழத்தையும் அப்படித்தான் அளப்பார்கள். பத்திரம் எழுதியவர் பாகத்துக்கு ஆறடி என்று போட்டுக்கொண்டார்.

"பாகம் போட்டது யாரும்மா?"

"அவருதான். வித்தவங்க எதிர்லயே கைய விரிச்சு அளந்தாரு."

மனையின் ஒரு பக்கம் நாற்பத்து நாலு அடி நாலு அங்குலம். சிவஞானம் ஏழால் வகுத்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரு கைய விரிச்சா ஆறடி நாலு அங்குலம். எழுதுனவரு அத ஆறடின்னு எழுதிட்டாரு. அவ்ளோதாம்மா. யாரு மண்ணையும் அவரு எடுக்கல."

பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "எந்தச் சட்ட போட்டாலும் அண்ணனுக்குக் கை பத்தாது. தப்பாப் பேசிட்டேன் அண்ணி."

தனக்கோடி டேப்பின் நுனியைக் கேட்டு வாங்கினாள். ஆறடி நாலு அங்குலத்தில் சிவஞானம் பிடித்துக்கொண்டார். இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை அவள் மெல்லப் பார்த்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"ஒரு போட்டோகூட மிஞ்சல சார். எல்லாம் தண்ணியோட பூடுச்சு. இந்த அளவாச்சும் கெடச்சுதே."

கூனிமேட்டில் அடுத்த மனு காத்திருந்தது. சிவஞானம் அவள் நுனியை விடும்வரை டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.